கேட்டுக்கொண்டிருந்தவருக்கு விருது

எங்கள் தொழிலில் விருதுகளைக் கழிப்பறையில் வைப்பதுதான் முறை. வரவேற்பறையில் வைத்தால் அகம்பாவம் என்பார்கள். அதே பித்தளையைக் கீழ்த்தளத்துக் கழிப்பறையில் வைத்துவிட்டால் அது தன்னடக்கம். விருந்துக்கு வருகிறவர் எப்பேர்ப்பட்டவராக இருந்தாலும் எப்படியும் ஒரு தடவை அங்கே போய்த்தான் ஆக வேண்டும். கதவைத் தாழிட்டு உட்கார்ந்தால், நேர் எதிரே, கண்மட்டத்தில் அலமாரி. நடிகர் ஹார்ட்லி வென்னிங் தச்சரை வரவழைத்து, அந்தத் தச்சரையே உட்காரவைத்து அளவெடுத்த உயரம் அது.

"இத்தனை விருதா? நீங்க சொல்லவே இல்லையே" என்பார் வெளியே வருகிறவர்.

"அதுவா, எங்க போடுறதுன்னு தெரியல" என்பார் இவர்.

அந்த அலமாரியைத் தூசி தட்டியவள் நான், ஹில்டா கிராஸ்லி. முப்பத்திரண்டு வருடம் அவருக்கு உடை உடுத்திவிட்டவள். மேடைக்குப் போகுமுன் பொத்தான் போடுவது, இரண்டு காட்சிகளுக்கு நடுவில் வியர்வை துடைத்து அங்கியை மாற்றுவது, திரை இறங்கியதும் "இன்னிக்கு நேத்தைவிட நல்லா இருந்தது சார்" என்பது. மூன்றாவதுதான் முக்கியமான வேலை. மேடை வாய்ப்புகள் நின்ற பிறகும் வாரம் மூன்று நாள் சிஸ்விக்கில் அவர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். நான் அவரை சார் என்றுதான் கூப்பிடுவேன். அரண்மனை 'சர்' பட்டம் கொடுத்து அவரை அப்படிக் கூப்பிடவில்லை. வருடத்துக்கு இரண்டு முறை பட்டம் பெற்றவர்களின் பட்டியல் பத்திரிகையில் வரும் நாளில், கிரிக்கெட் செய்தி தேடுகிறவரைப் போல அந்தப் பக்கத்தை மூன்று தடவை புரட்டுவார். அன்று முட்டையை வேகவைப்பதில் நான் என்ன தப்புச் செய்தாலும் மாட்டிக்கொள்வேன்.

முதல் முப்பது வருடம் மேடையில் ராஜாக்களாக இருந்தார், மேடையை அப்புறமும் விடவில்லை. பிறகு, இங்கிலீஷை ஒழுங்காகப் பேசுகிறவன் அயோக்கியனாகத்தான் இருக்க வேண்டும் என்று அமெரிக்கப் படக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். பதினொரு படங்களில் உயரமான கட்டடங்களிலிருந்து விழுந்து செத்தார். விழ முடியாத வயது வந்ததும் பிஷப்பாகவும் நீதிபதியாகவும் உட்கார்ந்தார். கடைசியாக ஒரு விண்வெளித் தொடரில் ஆறு வருடம் ஊதாத் தலை வைத்த பேரரசர். தெருவில் போனால் வளர்ந்த ஆண்கள் மூன்று விரலைத் தூக்கி அவருக்கு வணக்கம் வைப்பார்கள்.

அலமாரியில் மிகப் பழைய விருது 1965-ல் வந்தது. ஒரு தொலைக்காட்சி நாடகத்துக்கு. காலை உணவு மேஜையில் மனைவி, தான் ஏன் வீட்டைவிட்டுப் போகிறேன் என்று கணவனிடம் சொல்கிறாள். ஏழு நிமிடம். கணவன், அதாவது சார், ஒரு வார்த்தை பேசுவதில்லை. மனைவியாக நடித்தவர் அவருடைய சொந்த மனைவி, நெரிஸ் ப்ரோபர்ட், வேல்ஸ்காரி. விருது நெரிஸுக்கு வரவில்லை, கேட்டுக்கொண்டிருந்தவருக்கு வந்தது. இந்த நாட்டில் இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை என்று பத்திரிகைகள் எழுதின.

அடுத்த வருடம் நெரிஸ் ஷெஃபீல்டில் நாடகம் முடித்துக் காரில் திரும்பும்போது பனிமூட்டத்தில் ஒரு லாரி. நெரிஸுக்கு வயது இருபத்தொன்பது. மகள் பிரான்வெனுக்கு மூன்று.

அந்தத் தொலைக்காட்சி நாடகமும் போய்விட்டது. அந்தக் காலத்தில் ஒளிப்பதிவு நாடா அருமையான பொருள். ஒருமுறை ஒளிபரப்பியதும் அழித்துவிட்டு அதன்மேல் கால்பந்து பதிவு செய்வார்கள். இங்கிலாந்தின் பாதி நடிப்பு இன்றைக்கும் கால்பந்துக்கு அடியில்தான் புதைந்து கிடக்கிறது.

மிச்சமிருந்தது சார் சொல்லும் கதை ஒன்றுதான். விருந்துகளில் கடைசியாகப் பாலாடைக்கட்டி வரும் நேரத்துக்கு யாராவது கேட்டு வைப்பார்கள். யாரும் கேட்காவிட்டால் நான் கேட்க வேண்டும் என்பது எங்களுக்குள் ஏற்பாடு.

"ஒத்திகையில பாக்குறேன், மூணு காமிரா. ரெண்டாவது முழுக்க நெரிஸ் மேல. நேரா இயக்குநர்கிட்ட போனேன். 'டார்லிங், பேசுறவளை எவன் வேணா காட்டுவான். கேக்குறவன் மூஞ்சியிலதான் நாடகம் இருக்கு'ன்னேன். அந்தக் காமிராக்காரனுக்கு ஒரு புட்டி விஸ்கி, காமிரா என் பக்கம் திரும்பிடுச்சு." இந்த இடத்தில் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடிப்பார். "அன்னிக்கு என் பொண்டாட்டி பேசப் பேச, நான் விருது வாங்கிட்டிருந்தேன்."

மேஜை சிரிக்கும். நானும் சிரிப்பேன். இருநூறு தடவையாவது சிரித்திருப்பேன்.

போன பிப்ரவரியில் ஒரு காலை, விருதுக் கழகத்திலிருந்து ஹாரியட் போல் என்ற பெண் தொலைபேசியில் கூப்பிட்டார். வாழ்நாள் சாதனை விருதாம். நானும் கேட்க வேண்டும் என்பதற்காகச் சார் ஒலிபெருக்கியைத் தட்டிவிட்டார்.

"என் நெஞ்சு டாக்டர் உங்களுக்கு ஏதாவது எழுதினாரா?" என்று கேட்டார்.

ஹாரியட் சிரிக்க ஒரு நொடி தாமதமானது. "அப்படியெல்லாம் இல்ல மிஸ்டர் வென்னிங்."

"எனக்கு இந்த மாதிரி விஷயமெல்லாம் கூச்சம். யோசிச்சுத்தான் சொல்லணும்" என்று சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

"இன்னொரு சேதியும் இருக்கு" என்றார் ஹாரியட். நியூசிலாந்தில் மூடிப்போன ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் கிடங்கில் ஒரு பிலிம் டப்பா கிடைத்திருக்கிறது. வெளியே ஆடுகளைக் குளிப்பாட்டும் முறை என்று எழுதியிருந்ததால் ஐம்பது வருடம் யாரும் திறக்கவில்லை. உள்ளே இருந்தது, வெளிநாட்டு ஒளிபரப்புக்காக அனுப்பிய அந்த 65-ஆம் வருட நாடகத்தின் பிரதி. பெரும்பகுதி சிதைந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தது. ஏழு நிமிடத்தை மட்டும் காப்பாற்ற முடிந்ததாம். காலை உணவு மேஜைக் காட்சி.

சார் உட்கார்ந்தார். நாற்காலி இருக்கிறதா என்று பார்க்காமல் அவர் உட்கார்ந்து அதுவரை நான் கண்டதில்லை.

"அதுல நெரிஸ் இருக்காளா?"

"நான் இன்னும் பாக்கல. ஆனா அவங்க பேசுறது முழுசா வந்திருக்குன்னு காப்பகத்துல சொன்னாங்க."

"விருதை வாங்கிக்கிறேன்" என்றார் சார்.

தொலைபேசியை வைத்த கையோடு பிரான்வெனைக் கூப்பிட்டார். அவர் ஹெரிஃபோர்டில் மாட்டு வைத்தியர். வயது ஐம்பத்து மூன்று. நாடகம் என்றாலே ஆகாது. பத்து வயதில் பள்ளிக்கூட நாடகத்தில் மரமாக நின்றபோது அப்பா வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாராம். வந்திருந்த அத்தனை பெற்றோரும் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவரையே பார்த்தார்களாம். அப்பாவின் எந்த விழாவுக்கும் அவர் வந்து பதினொரு வருடம் ஆகிறது. அம்மாவின் படம் என்று அவரிடம் இருப்பவை நான்கு. மூன்றில் நெரிஸ் வேறு யாராகவோ வேஷம் போட்டிருக்கிறார். நான்காவது கல்யாணப் படம். அதில் காற்றடித்து முக்காடு முகத்தை மூடியிருக்கிறது.

"உங்கம்மாவைப் பாக்கலாம். பேசுறதை, எந்திரிச்சு நடக்குறதை, எல்லாத்தையும்" என்றார் சார்.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மாடு கத்தியது கேட்டது.

"நிஜமா அப்பா?"

"ஏழு நிமிஷம்."

"வர்றேன்" என்றார் பிரான்வென்.

அன்று சாயங்காலம் என்னை என் வீட்டு எண்ணில் கூப்பிட்டார். எந்த மாதிரி உடுப்புப் போட வேண்டும் என்று கேட்பதற்காக என்று சொன்னார். கேட்டது வேறு.

"ஹில்டா, நான் பேசும்போது என் வாய் இடது பக்கம் கோணும், கவனிச்சிருக்கீங்களா?"

"கொஞ்சம். அழகாத்தான் இருக்கும் கண்ணு."

"அது அப்பா வாய் இல்ல. அவர் வாய் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி, அச்சுல வார்த்தது. அப்ப இது அம்மாவோடதா இருக்கணும் இல்லையா? போட்டோவுல யாரும் பேசுறதில்லையே. எனக்கு அது ஒண்ணைப் பாத்தாப் போதும்."

படத்தை முன்கூட்டியே அனுப்பட்டுமா என்று ஹாரியட் கேட்டிருந்தார். கேட்டுவிட்டு, விழாவில் முதல்முறையாகப் பார்ப்பதுதான் வழக்கம் என்றும் சொன்னார். விருது பெறுகிறவரின் முகத்தின் மேல் ஒரு காமிரா இருக்கும். கண்ணீர் அதில் விழ வேண்டும். சார் உடனே சம்மதித்தார். அடுத்த மூன்று வாரமும் மாடிக் கண்ணாடி முன்னால் முதல்முறையாகப் பார்ப்பதற்குப் பயிற்சி எடுத்தார். கண்ணீர் இடது கண்ணிலிருந்துதான் வரும். வலது பக்கம் தனக்கு எடுப்பாக இல்லை என்பது அவருடைய ஐம்பது வருடக் கொள்கை. எதுவுமே தயார் செய்யாதவரைப் போலப் பேசுவதற்கு நன்றியுரையைப் பதினான்கு தடவை திருத்தி எழுதினார்.

விழா நாளன்று ஓட்டல் அறையில் அவருக்குக் கழுத்துப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். உரையில் அந்தக் கதையைச் சேர்க்கலாமா என்று என்னிடம் சொல்லிப் பார்த்தார்.

"ஒத்திகையில பாக்குறேன், மூணு காமிரா. ரெண்டாவது முழுக்க நெரிஸ் மேல..."

நின்றுவிட்டார். அது நிறுத்துகிற இடம் இல்லை. என் விரலும் அவர் கழுத்துப்பட்டையில் நின்றது. எனக்கும் அப்போதுதான் விளங்கியது. ஒரு மாதமாக இருவரும் டப்பாவைப் பற்றிப் பேசியிருக்கிறோம். அதே மாதத்தில் இரண்டு விருந்துகளில் கதையையும் சொல்லிச் சிரித்திருக்கிறோம். இரண்டும் ஒன்று என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கதை நிஜம் என்றால் டப்பாவுக்குள் நெரிஸின் முகம் இருக்காது.

"ஹில்டா. அந்தக் கதை நிஜமா நடந்ததா?"

"அதை நீங்கதான் சார் சொல்லணும்."

அவர் யோசித்தார். ஐம்பது வருடமாகத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய கதை. எங்கே மூச்சு விடுவது, எங்கே கோப்பையை எடுப்பது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நடந்ததா என்பதைத்தான் யோசிக்க வேண்டியிருந்தது.

"நடந்தது" என்றார். "விஸ்கி வாங்கின கடைகூட ஞாபகம் இருக்கு."

"பிரான்வென் கீழ காத்துட்டிருக்கா. போறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க சார்."

"சொல்றேன். வேற என்ன செய்ய."

கீழே பிரான்வென் பச்சை உடுப்பில் நின்றார். உதட்டுச் சாயம் பூசியிருந்தார். மாடுகளுக்கு அது தேவைப்படாததால் பழக்கமில்லை, கொஞ்சம் வெளியே போயிருந்தது. சார் அவர் இரண்டு கைகளையும் பிடித்தார். வாயைத் திறந்தார்.

"ரொம்ப அழகா இருக்கே டார்லிங்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார்.

விழாவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மெலிந்தவர்கள் மெலிந்தவர்களை முத்தமிட்டார்கள். தோற்றவர்களும் சந்தோஷப்படப் பயிற்சி எடுத்து வந்திருந்தார்கள். கடைசியில் விளக்கை அணைத்து, சாரின் அறுபது வருடத்தை மூன்று நிமிடத்தில் காட்டினார்கள். ஊதாத் தலை வந்ததும் கூடமே ஆர்ப்பரித்தது. கட்டடங்களிலிருந்து வரிசையாக விழுந்தார். கறிக்குழம்புப் பொடி விளம்பரம் ஒன்றும் வந்தது. பிறகு கறுப்பு வெள்ளையில் ஒரு மேஜை, தேநீர்க் குடுவை.

இருபது நொடி இருக்கும். திரை முழுக்க அவர் முகம். முப்பத்திரண்டு வயது முகம், பார்க்கிறவர்கள் மூச்சை நிறுத்தும்படியான முகம். ஓரத்தில் மங்கலாக ஒரு பெண்ணின் பின்னந்தலை, ஒரு காது. பேச்சு நெரிஸுடையது, வேல்ஸ்காரர்களின் ஏற்ற இறக்கத்தோடு. பிரான்வென் என் பக்கத்து நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். சினிமாக் கொட்டகையில் உயரமானவர் முன்னால் உட்கார்ந்துவிட்டால் தலையை ஒடித்துப் பார்ப்போமே, அப்படி இடது பக்கம் சாய்ந்தார். பிறகு வலது பக்கம். படம் முடிந்துவிட்டது.

கூடம் எழுந்து நின்றது. பெரிய திரையில் இப்போதைய முகத்தைக் காட்டினார்கள். அழுதுகொண்டிருந்தார். இரண்டு கண்ணிலும் தண்ணீர், மூக்கிலும். கண்ணாடி முன்னால் பழகியது இதுவல்ல என்று எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியவில்லை. முன்வரிசையில் ஓர் அம்மாள் நெஞ்சில் கை வைத்து, "என்ன மாதிரி நடிகர்" என்றார். சார் மேடை ஏறி, தயார் செய்யாத உரையை ஒரு சொல் பிசகாமல் பேசினார். வேறு எதுவும் அவருக்கு வரவில்லை என்றுதான் நினைக்கிறேன். கதையை மட்டும் விட்டுவிட்டார்.

கீழே வந்ததும் பிரான்வென் அவர் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்தார்.

"நல்லா நடிச்சீங்கப்பா" என்றார். குரல் உயரவில்லை. கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பத்து நாள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், காப்பகத்துக்கு வரும்படி பிரான்வென் என்னைக் கூப்பிட்டார். விழாவுக்காக இருபது நொடிதானே வெட்டியிருந்தார்கள், ஏழு நிமிடத்தில் எங்காவது ஒரு தடவை அம்மாவின் முகம் வராமலா போகும் என்று ஹாரியட்டைப் பிடித்து நேரம் வாங்கியிருந்தார். அப்பாவை அவர் கூப்பிடவில்லை. நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். சார் எங்களுக்கு முன்பே போய், கழுத்துத்துணிகூடச் சுற்றாமல், அந்தச் சின்ன அறையின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

ஹாரியட் படத்தை ஓடவிட்டார். பின்னந்தலை. காது. பழக்கூழ் சீசாவுக்கு மூடி போடும் ஒரு கை. அந்தக் கை நன்றாகத் தெரிந்தது. மூன்றாவது நிமிடத்தில் அந்தப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பத் தொடங்கினார். கன்னத்தின் விளிம்பு வந்தது. பிரான்வென் என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்த நொடியில் வெட்டி, இன்னும் நெருக்கமாகச் சாரின் முகத்துக்குப் போனார்கள். கடைசியில் நெரிஸ் எழுந்து போகும் சத்தம், கதவு. அதன் பிறகு சாரின் முகம் மட்டும், ஒரு வார்த்தை இல்லாமல், நாற்பது நொடி. அந்த நாற்பது நொடி அபாரம். அதை நான் மறுக்க மாட்டேன்.

விளக்கு போட்டார்கள். பிரான்வென் நாற்காலியைத் திருப்பினார்.

"நீங்க எதுத்தாப்ல இருந்தீங்க இல்லப்பா. இந்த ஏழு நிமிஷமும் அவங்க முகத்தைப் பாத்த ஒரே ஆள் நீங்கதான். எப்படி இருந்தாங்க?"

சார் எழுந்தார். தோள்கள் நிமிர்ந்தன. மேடைக்குள் நுழையுமுன் அவர் இப்படி நிமிர்வதை ஆயிரக்கணக்கான மாலைகளில் பின்னாலிருந்து பார்த்திருக்கிறேன்.

"தலையை லேசா இப்படிச் சாய்ச்சா" என்று தொடங்கினார். "பேசுறதுக்கு முன்னாடி கீழுதட்டை ஒரு தடவை கடிச்சுக்குவா. கண்ணு மேஜை மேல இருக்கும். அப்புறம் மெதுவா, ரொம்ப மெதுவா நிமிர்ந்து..."

எண்பத்து மூன்று வயதுக் கிழவர் எங்கள் கண் முன்னால் இருபத்தெட்டு வயதுப் பெண்ணாக நின்றார். ஹாரியட் வாயைப் பொத்திக்கொண்டார். பிரான்வென் அதைக் குடிக்கிறவரைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும் அந்தக் கீழுதடு தெரியும். 1991-ல் சிசெஸ்டரில் அவருக்கு ராணியாக நடித்த பெண்ணின் உதடு அது. அந்தப் பெண் அதைக் கடித்துக் கைதட்டல் வாங்கியதில் மூன்று மாதம் இவருக்குத் தூக்கமில்லை.

"பேசும்போது வாய் கோணுமா?" என்று பிரான்வென் கேட்டார். "இந்தப் பக்கம்?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். வாழ்நாள் முழுக்க இதைவிடப் பெரிய பொய்களை எழுதிக்கொடுத்தபடி சொன்னவர். சொல்லிவிடட்டும் என்றுதான் நானும் வேண்டிக்கொண்டேன்.

கடித்த உதடு அப்படியே நின்றது. பிறகு அந்தப் பெண் அவர் முகத்திலிருந்து போய்விட்டார். கிழவர் உட்கார்ந்தார்.

"தெரியல பிரான்வென்."

"மறந்துட்டீங்களா?"

"மறந்திருந்தா நல்லா இருந்திருக்கும். நான் பாக்கவே இல்ல. அவ காதுக்குப் பின்னால காமிராவோட சிவப்பு விளக்கு எரியும். அதைப் பாத்தாதான் கண்ணு நல்லா விழும். ஏழு நிமிஷமும் அந்த விளக்கைத்தான் பாத்துட்டிருந்தேன்."

"சரி, வீட்ல? வீட்ல பேசியிருப்பீங்க இல்ல?"

"வீட்ல வசனம் படிப்போம். அவ அவளோடதைப் படிப்பா. என் வரி எப்ப வரும்னு நான் காகிதத்தைப் பாத்துட்டிருப்பேன்."

ஹாரியட் தன் குறிப்பேட்டை மூடினார். பிரான்வென் அழவில்லை. நோயுற்ற மாட்டின் வயிற்றில் கை வைத்துக் கேட்கிறவரைப் போலக் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தார்.

"ஹாரியட், படத்தை மறைச்சுட்டு சத்தத்தை மட்டும் போட முடியுமா?"

ஹாரியட் சாரைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். ஹாரியட் விளக்கை அணைத்து, ஒரு அட்டையை எடுத்து ஒளி வரும் துளைக்கு முன்னால் வைத்தார்.

முகம் போனதும் அந்தக் குரல் அறை முழுக்கப் பரவியது. முதல் தடவை என் காதில் விழாததெல்லாம் இப்போது விழுந்தது. ஒவ்வொரு முறை கணவனின் பேரைச் சொல்லுமுன்னும் நெரிஸ் சின்னதாக மூச்சை உள்ளே இழுத்தார். ஓரிடத்தில், எழுதிக்கொடுத்த பேச்சுக்கு நடுவில், சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டது தெரிந்தது. எதிரில் இருந்த ஆள் ரொம்பப் பாடுபட்டு முகம் காட்டுவதைப் பார்த்துச் சிரித்தாரோ என்னவோ. பிரான்வென் கண்களை மூடிக்கொண்டிருந்தார். சார் முன்னால் குனிந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றி, இருட்டில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாடை தொங்கியிருந்தது.

பேச்சு முடிந்தது. நாற்காலி நகர்ந்தது. குதிகால் செருப்பின் சத்தம் பலகைத் தரையில் ஐந்து அடி போயிற்று. கதவு.

அப்புறம் வெறும் இரைச்சல். ஹாரியட் நிறுத்துவதற்குக் கையை நீட்டினார்.

"இருக்கட்டும்" என்றார் பிரான்வென். "திரும்பி வர்றாங்களான்னு பாக்கலாம்."

நாங்கள் நான்கு பேரும் அந்த நாற்பது நொடியும் உட்கார்ந்திருந்தோம்.